பாசி சூசை

லாரி எடைமேடையில் ஏறி இன்ஜின் அணைவதற்குள் சூசைமுத்து பின்சக்கரத்தின்மேல் கால் வைத்து ஏறிவிட்டார். இடக்கை பக்கப் பலகையைப் பிடித்திருக்கிறது. வலக்கையில் பித்தளைச் சொம்பு. கண்ணாடிக்குப் பின்னால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் கலைமதி மைக்கில் கத்துகிறாள்.

"அண்ணே, எறங்குண்ணே! உன் எடையும் சேந்து காட்டுது!"

"தோ ஆச்சும்மா. ஒரே ஒரு கல்லு."

அந்த ஒரே ஒரு கல்லை, லாரி மேட்டுக்குத் திரும்பும்போதே அவர் பார்த்து வைத்திருப்பார். குவாரியில் புதிதாக உடைந்த கல் உள்முகத்தில் வெளிறிய நீலமாக இருக்கும். வெயிலும் மழையும் பார்த்த மேல்பாறைக் கல் மட்டும் பழுப்பு. அந்தப் பழுப்பில் எங்கேயாவது கரி அப்பியது மாதிரி ஒரு திட்டு இருக்கும். மற்றவர்களுக்கு அது அழுக்கு. சூசைமுத்து அதன்மேல் ஒரு கை தண்ணீர் தெளிக்கிறார். உதடு அசைகிறது. மூன்று முறை ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கரித்திட்டு விரிந்து பச்சையாகிறது. ஊசிமுனை அளவு இலைகள், சுருண்டு கிடந்தவை எல்லாம், எழுந்து நிற்கின்றன.

"பாத்தியா? உசுரோட கெடக்குது. இத்தப் போயி மெஷின்ல போட்டு அரைக்கப் போறானுங்க."

இடுப்பிலிருந்து மழுங்கிய காய்கறிக் கத்தி ஒன்று வெளியே வருகிறது. பாசியை வேரோடு என்று சொல்ல முடியாது, அதற்கு வேர் கிடையாது. கல்லைப் பிடித்திருக்கும் பிடியோடு அதைச் சுரண்டி, காலித் தீப்பெட்டிக்குள் போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்குகிறார். பீடி கிடையாது, சிகரெட் கிடையாது. ஆனாலும் அவர் பையில் எப்போதும் இரண்டு தீப்பெட்டி இருக்கும்.

விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டித் திண்டிவனம் போகிற வழியில், நெடுஞ்சாலையை விட்டுக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது அந்த எடைமேடை. ஜல்லியும் எம்சாண்டும் முண்டுக்கல்லும் ஏற்றிய லாரிகள் நாள் முழுக்க வந்து போகும். சூசைமுத்துவுக்கு அங்கே காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை வாட்ச்மேன் வேலை. மேலே காக்கிச் சட்டை, கீழே கட்டம் போட்ட கைலி. வலது காது முக்கால்வாசி போய்விட்டது, வெடிச்சத்தம் கேட்டுக் கேட்டே போன காது. அதனால் யார் பேசினாலும் இடது கன்னத்தைத் திருப்பிக் காட்டிக்கொண்டு நிற்பார். வயது அறுபதுக்கு ஒன்று குறைவு, பார்த்தால் எழுபது சொல்லலாம். நெஞ்சுக்குள் இருபது வருடக் கல்தூசி உட்கார்ந்திருக்கிறது. இருமல் வந்தால் எதையாவது பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவார், அது போகிறவரை நிமிர முடியாது.

‘பாசி சூசை’ என்பது டிரைவர்கள் வைத்த பெயர். "யோவ் பாசி!" என்று மொட்டையாகக் கூப்பிட்டாலும் கோபப்படாமல் திரும்புவார். அவருக்குக் கோபம் வருவது ஒரே ஒரு சொல்லுக்குத்தான். பாசி என்றால் வழுக்கும் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

"வழுக்கறது கொளத்துப் பாசிய்யா. அது வேற, இது வேற. இது கல்லப் புடிச்சிக்கினு நிக்கறது. வா, வந்து கால வெச்சிப் பாரு. வழுக்குதான்னு சொல்லு!"

சொன்னவன் பாவம், டீயைக்கூட முடிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான்.

சூசைமுத்துவின் வீட்டுக்குப் பின்புறம் போய்ப் பார்த்தவர்களுக்கு இந்த மனிதர் இன்னும் புரியாமல்தான் போகும். தண்ணீர்த் தொட்டியின் நிழலில், தென்னங்கீற்றுப் பந்தலுக்குக் கீழே, நாற்பத்துச் சொச்சம் கற்கள். தலையணை அளவும் உண்டு, கைப்பிடி அளவும் உண்டு. பூச்செடி ஒன்றுகூடக் கிடையாது. ஒவ்வொரு கல்லிலும் பாசி, விரல் நகத்தின் உயரம்கூட இல்லாத பாசி. அதற்கு அவர் செய்கிற சேவகம் பிள்ளை பெற்றவளுக்குக்கூட நம் வீடுகளில் நடக்காது. போர் தண்ணீர் ஆகாது, உப்பு பூத்துவிடும். மழைத்தண்ணீரைப் பழைய வேட்டியில் வடிகட்டி, இரண்டு நீல டிரம்மில் பிடித்து வைத்திருக்கிறார். சித்திரையில் டிரம் காலியானால் சைக்கிளில் ஏரிக்குப் போய்க் குடத்தில் கொண்டுவருகிறார். ஏரியும் வற்றினால் பேசாமல் விட்டுவிடுவார். "காயட்டும். காஞ்சா சாவாது. கண்ண மூடிக்கினு படுத்துக்கும். நாமதான் செத்துப்போச்சின்னு நெனச்சிக்கறோம்" என்பார்.

புதுக் கல்லில் பாசி பிடிக்க வைப்பதுதான் கஷ்டம். யாரோ சொன்னார்களென்று ஒருமுறை கஞ்சித் தண்ணீரைத் தடவிப் பார்த்து, கல்லெல்லாம் பூஞ்சணம் பிடித்து, ஒரு வாரம் யாரிடமும் பேசாமல் இருந்தார். இப்போது வேறு வழி வைத்திருக்கிறார். காய்ந்த பாசியை உள்ளங்கையில் வைத்துக் கசக்கித் தூளாக்கி, ஏரி வண்டலில் குழைத்து, கல்லின் சொரசொரப்பான பக்கமாகப் பார்த்து அப்புகிறார். மேலே ஈரச்சாக்கு. "நாலு மாசம் ஒன்னுமே தெரியாது. பேஜாராத்தான் இருக்கும். கல்ல மொறச்சிக்கினு ஒக்காந்திருக்க வேண்டியதுதான்." மார்கழியில் பாசியிலிருந்து மெல்லிய காம்புகள் எழும்பி, ஒவ்வொன்றின் நுனியிலும் குண்டூசித் தலை மாதிரி ஒன்று நிற்கும். அந்த மாதத்தில் மனிதர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்.

பக்கத்து வீட்டு ஜெசிந்தாவின் கோழிகள்தான் அவருக்கு முதல் எதிரி. புழு இருக்கிறதென்று வந்து பாசியைக் கிளறிப் போட்டுவிடும்.

"உன் கோழிய கட்டிப் போடு ஜெசிந்தா. இல்லன்னா ஒருநாளு கொழம்புல கெடக்கும்."

"கோழிய யாராச்சும் கட்டிப் போடுவாங்களா? உன் கல்ல கட்டிப் போடுய்யா நீ!"

இந்தச் சண்டை பல வருடமாக நடக்கிறது. கோழி மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

போன வருடம் புதுச்சேரிப் பக்கமிருந்து காரில் ஒருவர் வந்தார். கண்ணாடிச் சாடிக்குள் சின்னத் தோட்டம் செய்து விற்கிறாராம், பாசி வேண்டுமாம். நாற்பது கல்லையும் பார்த்து வாயைப் பிளந்தார். "எல்லாம் வேணாங்க, ஒரே ஒரு கல்லு குடுங்க போதும்" என்றார்.

"ஒரு கல்லுதாங்க பேஜாரே" என்றார் சூசைமுத்து. வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. தாகம் எவ்வளவு எடுத்தாலும் முதல் வாய் தண்ணீர் தனக்கில்லை. டீக்கடையானாலும் சரி, கல்யாணப் பந்தியானாலும் சரி, டம்ளரிலிருந்து கொஞ்சம் தண்ணீரைப் பக்கத்தில் இருக்கிற கல்லிலோ சுவரோரத்திலோ ஊற்றிவிட்டுத்தான் குடிப்பார். "வேண்டுதலாண்ணே?" என்று கலைமதி ஒருநாள் கேட்டாள். "ஆமாம்மா, வேண்டுதல்தான்" என்றார். திருவக்கரைக்குப் போனபோதும் இதே கதைதான். கல்லாகிக் கிடக்கிற மரங்களை எல்லோரும் வாயைப் பிளந்து பார்க்க, இவர் பாட்டிலைத் திறந்து ஒரு கல்மரத்தின்மேல் தண்ணீர் ஊற்றிவிட்டு உதட்டை அசைத்துக்கொண்டு நின்றார். காவல்காரர் ஓடிவந்தார். "ஒன்னும் பண்ணலங்க, உள்ள விரிசல் இருக்குதான்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார்.

விரிசல். அங்கேதான் இருக்கிறது விஷயம்.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்குவாரியில் சூசைமுத்து இருபது வருடம் வெடிக்காரராக இருந்தவர். பாறையில் துளை போட்டு, மருந்து கெட்டித்து, திரி வைத்து, "வெடியோ... வெடி!" என்று கத்தி ஆட்களை விரட்டுகிற வேலை. துளை போட யாராலும் முடியும். பாறையைப் பார்ப்பதுதான் வெடிக்காரரின் வேலை. பாறைக்குள் விரிசல் ஓடினால் வெடியின் வேகம் அந்த வழியாகப் பிய்த்துக்கொண்டு வரும், கல் அந்தப் பக்கமாகத்தான் பறக்கும். ஆகவே விரிசல் எந்தப் பக்கம் என்று பார்த்து, ஆட்களை அதற்கு எதிர்ப்பக்கம் அனுப்ப வேண்டும். மயிரிழை விரிசல் மனிதக் கண்ணுக்குத் தெரியாது. பாசிக்குத் தெரியும்.

"விரிசல்ல ஈரம் நிக்கும். ஈரம் நிக்கற எடத்துலதான் அது ஒக்காரும். பாசி கோடு போட்டு ஒக்காந்திருந்தா அடியில வழி ஓடுதுன்னு அர்த்தம்." மழைக்காலத்தில் அந்தக் கோடு பச்சையாகத் தெரியும். கோடையில் பாசி கருத்துச் சுருண்டு பாறையோடு பாறையாகக் கிடக்கும். அதற்காகத்தான் சொம்பு. வெடி வைப்பதற்கு முன் பாறையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லிக் காத்திருப்பார். பச்சை எழும்பினால் அந்தப் பக்கம் ஆகாது. இதை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை, அவராகக் கண்டுபிடித்தது. அவர் வெடி வைத்த பாறையில் ஒரு நாயின் வால்கூட நசுங்கியதில்லை என்று மேஸ்திரி சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது.

அந்தச் சொம்பைச் சுமந்து வருகிறவள் அவர் மனைவி அமல்ராணி. அதே குவாரியில் ஜல்லி உடைக்கிற ஏழு பெண்களில் ஒருத்தி.

பதினோரு வருடத்துக்கு முன், மே மாதம். கத்திரி வெயில். அன்று தண்ணீர் லாரி வரவில்லை. டிரம்மில் அடிமண்டிதான் இருந்தது. மேஸ்திரி, "ஜல்தி ஜல்தி, லோடு நிக்குது" என்று பறந்துகொண்டிருந்தார். அமல்ராணி வழக்கம்போலச் சொம்பை நீட்டினாள். அன்றைக்கு இருந்தது அந்த ஒரு சொம்புதான். காலையிலிருந்து சுத்தியல் பிடித்தவள். ரவிக்கை முதுகில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது, உதடு வெடித்திருந்தது. சூசைமுத்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"வெச்சிக்க. நீ குடி. கல்லு எங்க போவுது?" என்றார்.

கண்ணால் மட்டும் பாறையை ஒரு பார்வை பார்த்தார். கறுப்பாக இருந்தது, எல்லாப் பாறையும் அந்த வெயிலில் கறுப்புதான். "எல்லாரும் கெழக்கால போங்க, மண்மேட்டுக்கு" என்று கைகாட்டினார். ஏழு பெண்களும் கிழக்கே போனார்கள். விரிசல் கிழக்கே ஓடியது. தேங்காய் அளவுக் கல் ஒன்று மண்மேட்டைத் தாண்டி விழுந்தது. ஆறு பெண்கள் திரும்பி வந்தார்கள்.

மறுநாள் குவாரி ஆபீஸ் அறையில் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். வெடி எல்லைக்கு நட்ட சிவப்புக் கொடியை அமல்ராணி தாண்டிப் போனதால் ஏற்பட்ட விபத்து என்று எழுதியிருந்தது. வெடிக்காரர்மேல் தப்பு என்று போனால் அவர் ஜெயிலுக்குப் போக வேண்டும், விழுப்புரத்தில் ஹாஸ்டலில் படிக்கிற பெண்ணை யார் பார்ப்பது என்று கேட்டார்கள். மற்ற ஆறு பேரும் வாயைத் திறக்கவில்லை, அவர்களுக்கும் அடுத்த நாள் அதே குவாரியில்தான் வேலை. சூசைமுத்து கையெழுத்துப் போட்டார். பயத்தில் போட்டார். அதற்கப்புறம் வெடி மருந்தை அவர் தொடவில்லை.

மகள் சகாய பிரியா அந்தக் காகிதத்தைத்தான் நம்புகிறாள். நர்ஸ் ஆகிவிட்டாள், கல்யாணம் ஆகிவிட்டது, விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. ஒவ்வொரு வருடமும் கல்லறைக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்றும்போது அவள் ஒரே வார்த்தையைத்தான் சொல்லி அழுகிறாள். "கொடிய தாண்டி ஏம்மா போன? யாரு சொன்னாலும் கேக்க மாட்டியா?" செத்துப்போன தாய்மேல் பதினோரு வருடமாக ஒரு கோபம். அதைக் கேட்டுக்கொண்டு சூசைமுத்து பக்கத்திலேயே நிற்கிறார். எந்தத் தகப்பனுக்கும் இந்தத் தண்டனை வரக் கூடாது. அவர் தானாக எடுத்துக்கொண்டது, தானாக இறக்கி வைக்கத் தெரியவில்லை.

அமல்ராணியின் தலைமாட்டில் நிற்கிற கல்லும் அந்தப் பாறைதான். வெடி முடிந்து பத்து நாள் கழித்து, விரிசலோரமாகப் பெயர்ந்து கிடந்த ஒரு பலகைக்கல்லை டிராக்டரில் ஏற்றி வந்து நட்டார். கல்லில் வாழ்ந்தவளுக்குக் கல் என்று ஊர் நினைத்துக்கொண்டது. அந்தக் கல்லின் குறுக்கே ஒரு மயிரிழை ஓடுகிறது, அதன்மேல் விரல் அகலத்துக்குப் பாசி. வாரம் இரண்டு முறை சைக்கிளில் போய்த் தண்ணீர் ஊற்றுகிறார். ஊற்றிவிட்டு, பச்சையாகிறவரை நிற்பார். அந்தக் கோடு எழும்புவதைப் பார்க்க வேண்டும் அவருக்கு. அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டியதை வாரத்துக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவார். வீட்டிலிருக்கிற நாற்பது கல்லும் இந்த ஒரு கல்லுக்காகத்தான். எந்த வருடமாவது இங்கே பாசி பட்டுப்போனால் எடுத்து வைக்க வித்து வேண்டுமே.

ஆனால் கல்லறைத் தோட்டத்தில் பாசி என்றால் ஊர் வேறு மாதிரி அர்த்தம் பண்ணுகிறது. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முன்னால் ஒவ்வொரு குடும்பமும் புல் பிடுங்கி, சுண்ணாம்படித்து, நீலப் பெயின்ட்டில் பெயரெழுதிவிடும். பாசி பிடித்த கல்லறை என்றால் கேட்க நாதியில்லாத கல்லறை. இத்தனை வருடமும் அக்டோபர் கடைசியில் லீவு போட்டுவிட்டு, சொம்போடு அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்துவிடுவார். மகள் சுண்ணாம்பு வாளியோடு வந்து, சண்டை போட்டு, தோற்றுப்போய் மேடைக்கு மட்டும் அடித்துவிட்டுப் போவாள். ஏன் என்று கேட்டால், "கெடக்கட்டும் வுடும்மா" என்பதுதான் பதில்.

இந்த வருடம் மாற்று வாட்ச்மேனுக்கு டெங்குக் காய்ச்சல், லீவு கிடைக்கவில்லை. "ஒன்னாந்தேதி நான் வந்துடறேன். அதுவரைக்கும் அந்தக் கல்ல தொடாத" என்று போனில் சொல்லியிருந்தார். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது ஜெசிந்தா, ஊருக்கு வந்திருந்த சகாய பிரியாவிடம், "பொண்ணு நர்சு வேல பாக்கறா, ஆத்தா கல்லறைல பாசி அடஞ்சி கெடக்குது. அந்த ஆளுக்குத்தான் புத்தியில்ல, உனக்குமா?" என்று கேட்டுவிட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஊரே நினைத்துக்கொண்டிருந்ததை அவள் கேட்டாள், அவ்வளவுதான்.

முப்பத்தொன்றாம் தேதி பகல் பதினொன்றரைக்கு எடைமேடையில் அவர் போன் அடித்தது.

"அப்பா, உனக்கு ஒரு சர்ப்ரைஸ். டூட்டி முடிஞ்சதும் கல்லறைக்கு வா."

"இன்னா சர்ப்ரைஸ்?"

"அம்மா கல்லு இப்பப் பாரு, புதுசு மாதிரி இருக்குது."

அடுத்து வந்த காலி லாரியில் சூசைமுத்து சொம்போடு ஏறிவிட்டார். இந்த வேலைக்கு வந்த ஆறு வருடத்தில் அவர் டூட்டியை விட்டுப் போவது இதுதான் முதல் தடவை. பின்னால் கலைமதி மைக்கில் கூப்பிட்டது இடது காதிலும் விழவில்லை.

ஒரு வாரமாக விட்டு விட்டு மழை. பாசி தன் வருடத்திலேயே செழிப்பாக இருக்கிற நாட்கள். கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் தூரத்திலிருந்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. கல் அடியிலிருந்து நுனிவரை வெள்ளையாக நின்றது. சகாய பிரியா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நெற்றியில் சுண்ணாம்புப் பொட்டுகளோடு, சிரித்தபடி நின்றாள். இரண்டு கையும் சிவந்து போயிருந்தது.

"எப்படிப்பா இருக்குது? எவ்ளோ நேரம் தேச்சேன் தெரியுமா? வரவே மாட்டேன்னுட்டுச்சி. அப்புறம் ப்ளீச்சிங் பவுடர போட்டு ஊற வெச்சி, கம்பி பிரஷ்ஷால தேச்சித்தான் வந்துச்சி. இன்னும் பேருதான் எழுதணும்."

அவர் கல்லை நெருங்கினார். கல்லின் அடியில் நுரையோடு சுரண்டித் தள்ளியிருந்த குவியல் கிடந்தது. குனிந்து அதில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். தோட்டத்து மூலையில் மழைத்தண்ணீர் நிறைந்த சிமென்ட் தொட்டி. அங்கே போய்ச் சொம்பை முக்கி எடுத்து, உள்ளங்கைமேல் கொஞ்சம் விட்டார். உதடு அசைந்தது. மூன்று அருள் நிறைந்த மரியே. வைக்கோல் நிறத்தில் இருந்த பாசி அப்படியே இருந்தது. நாலாவதும் சொன்னார். கையை உதறிவிட்டார்.

"இன்னாப்பா? புடிக்கலியா?"

கல்லுக்கு முன்னால் வந்து, மேலிருந்து மெதுவாகத் தண்ணீரை ஊற்றினார். பாதிச் சொம்பு. புதுச் சுண்ணாம்பு கொஞ்சம் கரைந்து பால் மாதிரி வழிந்தது. மீதிச் சுண்ணாம்பு ஈரத்தில் மங்கி, உள்ளே கல்லின் நிறம் தெரிந்தது. அந்த மங்கலின் குறுக்கே, இடமிருந்து வலமாக, கறுப்பாக ஒரு கோடு எழுந்தது.

"அய்யய்யோ! கல்லுல விரிசல் இருக்குதுப்பா. அவ்ளோ நேரம் தேச்சேன், நான் பாக்கவே இல்லியே" என்றாள் சகாய பிரியா.

"நானும் பாக்கலம்மா."

"நீ எப்போ?"

"அன்னிக்கி. உங்கம்மா செத்தன்னிக்கி. நானும் பாக்கல."

அவள் ஏதோ கேட்டாள். சூசைமுத்து வழக்கத்துக்கு மாறாக வலது கன்னத்தை, கேட்காத காதை, அவள் பக்கம் திருப்பிக்கொண்டு கல்லைப் பார்த்தே பேசினார். பாசிக்கோடு எதற்கு என்று சொன்னார். சொம்புத் தண்ணீர் எதற்கு என்று சொன்னார். தண்ணீர் லாரி வராததையும், அமல்ராணியின் உதடு வெடித்திருந்ததையும், ‘நீ குடி’ என்று தான் சொன்னதையும் சொன்னார். "உங்கம்மா கொடிய தாண்டலம்மா. நான்தான் கெழக்கால போவச் சொன்னேன். என் பேச்சக் கேட்டுக்கினுதான் போனா. தாண்டிப் போனான்னு எழுதிக் குடுத்ததுல கையெழுத்து போட்டவனும் நான்தான்."

சகாய பிரியா கையிலிருந்த பிரஷ் கீழே விழுந்தது. அவள் அழவில்லை. கல்லைச் சுற்றிக்கொண்டு நடந்து, அவருடைய இடது பக்கமாக வந்து நின்றாள்.

"அம்மா அந்தத் தண்ணிய குடிச்சிச்சா?"

"பாதி குடிச்சா. மீதிய எனக்குன்னு வெச்சிட்டுப் போனா."

"அந்தப் பாதிய?"

சூசைமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் குடிச்சேன்" என்றார். "திரி பத்தவெக்கறதுக்கு முன்னாடி. அது போதும்மா கல்லுக்கு. பாதிச் சொம்பு போதும். கையிலியே இருந்துச்சி, நான் குடிச்சிட்டேன்."

அதோடு இருமல் வந்துவிட்டது. கல்லறை மேடையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நெஞ்சைப் பிளக்கிற இருமல், நிற்கவே இல்லை. நர்ஸின் கை தன்பாட்டுக்கு அவர் முதுகைத் தட்டப் போனது. பாதியில் நின்றது, திரும்பிவிட்டது. அவள் மேடைமேல் இருந்த சொம்பை எடுத்தாள். பாதித் தண்ணீர் இருந்தது. முகத்தை மதில் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினாள்.

"குடி."

இருமல் நிற்காமலே அவர் இரண்டு கையாலும் சொம்பை வாங்கினார். கடைசிச் சொட்டு வரை கல்லின்மேல் ஊற்றினார்.